இரண்டாவது கோடு

வெண்கலச் செம்பு கல்தரையில் உருண்டு போகும் சத்தம். சில வருசங்களுக்கு முன்பு, நாகலாபுரத்தில் பாலம்மாள் வீட்டுக்குள் கேட்டது. செம்புக்குப் பக்கத்தில் மருமகள் முத்துசெல்வி கைகால் வெட்டி இழுக்கக் கிடந்தாள்.

அதன்பின் வலிப்பு அடிக்கடி வந்தது. மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் புழுக்கட்டி.

வீட்டில் யார் வயிற்றிலாவது நாடாப்புழு இருக்கலாம், சோறு பிசைகிற கை வழியாக அதன் முட்டை வந்திருக்கும் என்றார் டாக்டர். சரியாக வேகாத பன்றிக்கறியில் தொடங்குகிற வினையாம்.

அந்த வீட்டில் சோறு பிசைவது மாமியார் பாலம்மாள். ஒரே சட்டியில் குழம்பு விட்டுப் பிசைந்து, பேரப்பிள்ளைகளுக்கும் மருமகளுக்கும் உருண்டை உருண்டையாகக் கையில் வைப்பாள்.

மகனைக் கூப்பிட்டாள்.

"ஏலே செல்லத்துரை, அவ ஊருக் கோயில் கொடையில அரைவேக்காட்டுல தின்னுட்டுப் புழுவைச் சீதனமா கொண்டாந்திருக்கா. இவளுக்குத்தாம்னு தெரிஞ்சா அப்பன் வீட்டுல விட்டுட்டு வா. பிள்ளைக இங்கன இருக்கட்டும்."

செல்லத்துரை தலையைக் குனிந்துகொண்டு மிளகாய்க் காட்டுக்குப் போய்விட்டான்.

நர்ஸ் பானு வந்தாள். ஆளுக்கொரு சொட்டு ரத்தம், ஆளுக்கொரு சோதனை அட்டை. ஒரு கோடு விழுந்தால் ஒன்றுமில்லை. இரண்டு விழுந்தால் புழு.

பாலம்மாள் விரலை நீட்டிவிட்டு ஆடு கட்டப் போனாள். திரும்பி வந்து, யாருக்கு என்று கேட்டாள்.

பானு வாய் திறக்குமுன், அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்த முத்துசெல்வி சொன்னாள்: "எனக்குத்தான் அத்தை."

எல்லாரும் மாத்திரை போட வேண்டும், சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்றாள் பானு.

"இவ தின்ன கறிக்கு நான் மாத்திரை முழுங்கணுமாக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே பாலம்மாள் விழுங்கினாள்.

மறுநாள் பஸ் ஸ்டாப்பில், அப்பன் வீட்டுக்குப் போகத் துணிப்பையோடு நின்ற முத்துசெல்வியைப் பானு பார்த்தாள்.

"உங்க அட்டையில ஒரு கோடுதானக்கா. ஏன் அப்படிச் சொன்னிய?"

"தன்னாலதான்னு தெரிஞ்சா அத்தை இனிமே சோத்துல கை வைக்க மாட்டாவ. வலிப்போட நானும் அடுப்புகிட்டப் போக முடியாதப்ப பிள்ளைக யாரு கையைப் பாத்து நிக்கும்?"

மருந்து சாப்பிட்டு, வலிப்பு நின்று, கோடை கழிந்ததும் முத்துசெல்வி திரும்பி வந்தாள்.

பாலம்மாள் போன தை மாதம் மாரடைப்பில் இறந்தாள். புழு மருமகள் கொண்டுவந்தது என்றே கடைசிவரை தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.