கும்பிட்ட கை

"இன்னும் மேல தூக்கு, லீலா!" என்றாள் அக்கா குமுதா.

டேப்லட் கேமரா முன் நின்ற லீலா, உடைந்து கூடிய வலது கையைத் தோள்வரைகூடத் தூக்கவில்லை. கை உயர்வதை அளக்கும் பிசியோதெரபி செயலி, திரையில் அறுபது டிகிரி என்று காட்டியது.

"மூனு மாசமா இதே அறுபதுதான்! மாப்பிள்ளை பாவம், தினமும் போர்ட் கிள்ளான்லருந்து போன் பண்ணிக் கேக்குறாரு. நூத்தம்பது வந்தா அன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போறாராம்."

லீலா கையை இறக்கிக்கொண்டாள்.

அக்கா சாமி படத்துக்குச் சூடம் காட்டினாள். லீலா கண்களை மூடி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குவித்து உருகி வேண்டினாள்.

அணைக்க மறந்த டேப்லட் எதிரிலிருந்து பேசியது. "வலது கை, நூற்று எழுபது டிகிரி. வாழ்த்துகள்! அறிக்கை உங்கள் கணவருக்கு அனுப்பப்பட்டது."

"முருகா, கண்ணத் தொறந்துட்டியே!" என்று குதித்தாள் அக்கா.

உடனே போன் அடித்தது. "ரெடியா இரு. வரேன்" என்றான் கணவன்.

"அப்படி என்னடி வேண்டிக்கிட்ட?" அக்கா பையில் துணிகளை அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

இந்தக் கை குணமாகவே கூடாது என்றுதான் லீலா வேண்டியிருந்தாள். மாடிப்படியில் அவள் விழுந்ததில் அது உடைந்தது என்றே அக்கா இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள்.

முறுக்கி உடைத்தவன் கிளம்பிவிட்டான்.