முட்டி உயரத்தில் ஒரு ஜன்னல்

"இது ஜன்னலா, பூனை போயிட்டு வர்ற வழியா? யாரு குடுத்த அளவு இது?"

மேஸ்திரி போட்ட சத்தத்தில், மண் மிதித்துக்கொண்டிருந்தவர்கள் கால் சேற்றில் இருக்க அப்படியே நின்றுவிட்டார்கள்.

மனம் நொந்து முடங்கியவர்கள் வந்து தங்கித் தேறுவதற்காக, அப்படித் தேறி வருகிறவர்களே கட்டுகிற வீடு அது. சிமென்ட் கிடையாது. அங்கேயே தோண்டிய மண், வைக்கோல், இடித்த வீடுகளில் கிடைத்த பழைய கதவு, ஜன்னல். உள்ளே வந்துவிட்டால் எல்லோருக்கும் வேலைப் பெயர்தான். யார் எவர், என்ன வியாதி என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

"அளவுக்காரம்மா குடுத்ததுதான், மேஸ்திரி" என்றான் மண் மிதிக்கிறவன்.

அவள் அளவு நாடாவைக் கையில் சுற்றியபடி மூலையில் நின்றாள்.

"ஏம்மா, ஜன்னல்னா இடுப்பு உயரத்துல இருக்கணும். இது முட்டிக்குத்தான் வருது. மழை பெஞ்சா தண்ணி நேரா உள்ள வந்து உக்காந்துக்கும்."

"கூரையை ரெண்டு அடி வெளிய இழுத்துட்டா சாரல் அடிக்காது." தரையைப் பார்த்தே சொன்னாள்.

"எல்லாத்துக்கும் பதில் வெச்சிருக்கே! குனிஞ்சு குனிஞ்சு பாக்கறதுக்கு இங்க வர்றவங்க என்ன கோழியா?"

மண் மிதிக்கிறவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

மேஸ்திரி மண்வெட்டியை எடுத்தார். "சுவர் இன்னும் ஈரமாத்தான் இருக்கு. இப்பவே சட்டத்தைக் கழட்டி, கீழ அடைச்சு, மேல வெட்டிடலாம். காஞ்சா கல்லு மாதிரி ஆயிடும்."

"வெட்டுங்க." நாடாவைக் கீழே வைத்தாள். "இந்த வீட்டுல நானா சொன்னது இது ஒண்ணுதான். இதுவும் தப்புன்னா, நாளைலேருந்து நான் வரலை."

ஓங்கிய மண்வெட்டி இறங்கவில்லை. மேஸ்திரியின் முகம் வெளுத்துவிட்டது. ஒரு ஆள் குறைவதற்கா இந்த மனிதர் இப்படி ஆடிப்போகிறார் என்று மண் மிதிக்கிறவனுக்கு விளங்கவில்லை.

"அப்படியெல்லாம் சொல்லாதே" என்றார் மெதுவாக. "எதுக்கு இந்த உயரம்? காரணத்தைச் சொல்லு, கேக்கறேன்."

"சொன்னா புரியாது. படுங்க."

"என்னது?"

இரண்டு பக்கமும் கல் அடுக்கி, மேலே ஒரு பலகையைப் போட்டாள். கட்டில் உயரம். "இந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுங்க."

"படுங்க மேஸ்திரி, தாலாட்டு வேணும்னா நான் பாடறேன்!"

"நீ மண்ணை மிதிடா!"

முணுமுணுத்துக்கொண்டே படுத்தார். ஜன்னல் பக்கம் திரும்பினார். முணுமுணுப்பு நின்றது.

ஜன்னல் நிறையத் தெரு. ஒரு நாய் எங்கோ அவசர வேலை இருப்பதுபோல் ஓடியது. சைக்கிள் செயின் கழன்ற பெண்ணுக்கு யாரோ மாட்டிக் கொடுத்தார்கள். எதிர்வீட்டுப் பப்பாளி மரத்தில் அணில் ஒன்று பழத்துக்குள் தலையை விட்டிருந்தது.

"எழுந்திரிக்கவே முடியாதவங்ககிட்ட எழுந்திரின்னு சொன்னா அழுகைதான் வரும்" என்றாள் அவள். "வெளிய இவ்வளவு நடக்குதுன்னு கண்ணுல பட்டா, ஒருநாள் அவங்களாவே எழுந்து வருவாங்க. நான் படுத்திருந்த ரூமுல ஜன்னல் உசரத்துல இருந்துச்சு. மாசக்கணக்கா விட்டத்தைத்தான் பாத்துக்கிட்டு கெடந்தேன்."

மேஸ்திரி வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்ததும் மண்வெட்டியைக் கொண்டுபோய் வெளியே சாத்திவிட்டு வந்தார்.

"இது இப்படியே இருக்கட்டும்" என்றார். "சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், நாம படுக்கிற ரூமுக்கும் ஒரு அளவு குடும்மா. அந்த ஜன்னலை உசத்தி வெச்சவன் நான்தானே, நானே இடிச்சு இறக்கிடறேன்."