பேரு வந்துச்சுங்களா?

"ஏனுங்க, நம்ம பையன் பேரு இன்னும் வரலீங்களே?" காளியாத்தாள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே மறுபடியும் கேட்டாள்.

"வராதுன்னு எத்தனை தடவை சொல்றது புள்ள? கீப்பர் பந்தை ஒழுங்காப் புடிச்சுட்டே இருந்தா, ரேடியோக்காரன் அவன் பேரை எதுக்குச் சொல்றான்? உட்டாத்தான் சொல்லுவான். பேரு வரலீன்னா நம்ம சென்னிமலை நல்லா ஆடறான்னு அர்த்தம்."

ஆறுச்சாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் டிரான்சிஸ்டர். அதன் வால்யூம் திருகின் மேலிருந்து விரலை அவர் எடுக்கவே இல்லை. தலச்சேரியில் நடக்கும் கிரிக்கெட் மேட்ச்சின் கமெண்ட்ரி மலையாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

பாலக்காட்டுப் பக்கத்து அந்தத் தமிழ் ஊரிலிருந்து கேரளா டீமுக்குப் போன முதல் பையன் அவர் மகன். போன வாரம்தான் கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் மாலை போட்டு, மேளம் வைத்து ஊரே அவனை அனுப்பிவைத்தது. அந்த ஊர்தான் இன்று அவர் வீட்டு முன்கட்டு ஆசாரத்தில் உட்கார்ந்து ரேடியோவுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தது.

"அதெப்படீங்கண்ணா?" என்றார் எதிர்வீட்டுக் குப்பண்ணன். "அடிக்கறவன் பேரு வருது, எறியறவன் பேரு வருது. நாளெல்லாம் குத்தவெச்சு உக்காந்திருக்கறவன் பேரு மட்டும் வராதுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"என்ற ஊட்டுல எவனும் எவன் முன்னாடியும் குத்தவெச்சதில்ல, குப்பண்ணா. இவன் ஸ்டம்புக்குப் பின்னால குத்தவெக்கறான்னா, முன்னால நிக்கறவனை ஊட்டுக்கு அனுப்பறதுக்கு. தெரிஞ்சுக்க."

சிரிப்பு அடங்கியது.

"எனக்கு அவன் நல்லா ஆடறதெல்லாம் வேண்டாமுங்க," என்றாள் காளியாத்தாள் மெதுவாக. "அந்த ரேடியோவுல ஒருக்கா அவன் பேரைக் கேட்டாப் போதும். ஒரே ஒரு பந்தை உட்டாத்தான் என்னவாமா?"

அந்த நேரம் பார்த்து ரேடியோவில் இரைச்சல் எழுந்தது. பந்து மட்டையில் உரசிவிட்டதாம். "விக்கெட் கீப்பர்..." என்று கமெண்ட்ரிக்காரர் கத்தினார். ஆசாரமே முன்னால் சாய்ந்தது.

டக்.

"பேட்டரி போச்சு," என்றார் ஆறுச்சாமி.

"நேத்தும் இப்படித்தானுங்க நல்ல நேரத்துல போச்சு!" குப்பண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "இத்தனை காடு தோட்டம் வெச்சிருக்கறீங்க, ஒரு நல்ல பேட்டரி வாங்கிப் போடக்கூடாதுங்களா?"

முணுமுணுத்துக்கொண்டே கூட்டம் கலைந்தது. ஆறுச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சோத்தைப் போட்டுக் குடு புள்ள. தோட்டத்துக்குப் போயிட்டு வாரேன். சித்தே சேத்தியே வை."

"நேத்திருந்து உங்களுக்குத்தான் நல்லாப் பசிக்குது. எனக்கு எறங்கவே மாட்டேங்குது. அந்தப் பையன் அங்க என்னத்தைத் தின்னானோ..."

அவர் தூக்குப்போசியை வாங்கிக்கொண்டு வரப்பில் நடந்தார். கிணற்றடிக்குப் போனதும் யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மோட்டார் ரூமின் பூட்டைத் திறந்தார்.

உள்ளே சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான் சென்னிமலை. டீமில் பேரில்லை என்று கடைசி நேரத்தில் திருப்பி அனுப்பப்பட்டவன், மேட்ச் முடிந்து வருபவன் போல ஊரார் கண்முன்னே பஸ்ஸில் வந்து இறங்க வேண்டிய நாளுக்காகக் காத்திருந்தான்.

"எனக்குப் பதிலா எறங்குன கீப்பர் எப்படிங்கப்பா? அவன் பேரு வந்துச்சுங்களா?"

ஆறுச்சாமி மகன் முன்னால் தானும் குத்தவைத்து உட்கார்ந்து, போசியைத் திறந்தார்.

"வந்துச்சு கண்ணு. ரெண்டு வாட்டி."