பச்சைப் புள்ளிகள்
மணிலா மழையில் ஊறிக் கிடக்கிறது. டிவினா புதிதாக வாங்கிய நூற்று அறுபத்தைந்து ஹெர்ட்ஸ் கணினி மானிட்டருக்கு ஈடுகொடுக்கும் கிராபிக்ஸ் கார்டு, பழையதுதான் என்றாலும், கைக்கு அடக்கமான விலையில் கிடைத்துவிட்டது. பழைய கணினிப் பாகங்கள் விற்கும் கடைக்காரர் நோனோய் அதை ஒரு கணினியில் மாட்டி ஓட்டிக் காட்டிவிட்டு, கழற்றிச் சூட்டோடு அவள் கையில் வைக்கிறார். கருகல் வாடை அடிக்கிறதா என்று முகர்கிறாள்.

"மீன் வாங்குற மாதிரி மோந்து பாக்குறியேம்மா!"

சிரித்தபடியே திருப்புகிறாள். திருகாணிகளின் தலையில் பச்சை நகப்பூச்சு. யாராவது கழற்றினால் தெரியட்டும் என்று தோழி ஹனிலெட் தன் கார்டில் வைத்த அதே புள்ளிகள். வெளிநாட்டு வேலைக்கென்று கிளம்பிய ஹனிலெட்டிடமிருந்து ஒன்பது நாளாக ஒரு தகவலும் இல்லை.

"இதை யாருண்ணே வித்தாங்க?"

"யாரோ ஒரு ஆளு கொண்டாந்தாரு. இதை வச்சிருந்த பொண்ணுக்கு இனிமே தேவைப்படாதாம்."

கார்டின் சூடு இன்னும் ஆறவில்லை.