மிலேச்ச ராஜா

"வேற வேஷமே கெடைக்கலையா மச்சான் உங்களுக்கு?"

மெஹர்னிசாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பள்ளிக்கூடக் கட்டட நிதிக்கு கும்மிடிப்பூண்டியில் நாடகம் போடுகிறார்கள். அதில் அவள் புருஷன், ஜவுளிக்கடை ஹனீப், மிலேச்ச ராஜாவாம்!

"நாடகம் நடத்தற சின்னதுரை சார்தான் சொன்னாரு. இதுக்கு வேற ஆளே அவருக்குத் தோணலையாம்."

"எப்டித் தோணும்? நாகரிகம் தெரியாதவன், எங்கிருந்தோ வந்தவன்னு சொல்றதுக்குத்தானே அந்த வார்த்தை! பேரம் படியலேன்னா கடை வாசல்லயே நின்னுகினு சொல்றாங்க. தலைமுறை தலைமுறையா பழவேற்காட்டு மண்ணுல பொழச்ச குடும்பம் நம்பள்து. இப்ப மேடை ஏறி நாமளே சொல்லிக்கணுமா? மானம் போவுது!"

ஹனீப் சிரித்தான். பெண்டாட்டி வயிறெரிந்து பேசும்போது சிரிக்கிற மனுஷனை என்னதான் செய்வது?

"தர்பார் சீனுக்காவது வந்து பாரு" என்றான்.

போகவே கூடாது என்றுதான் இருந்தாள். மனசு கேட்டால்தானே! நாடகத்தன்று சாயந்தரம் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

பந்தலுக்குள் பாதி இடம் காலி. ஓரத்தில் கயிறு கட்டி, அதற்கு அந்தப் பக்கம் சேரி ஜனங்களை நிறுத்தியிருந்தார்கள். அதே பள்ளிக்கூடத்துக்குக் கல்லும் மண்ணும் சுமந்த பூவம்மாள், இடுப்பில் பிள்ளையோடு எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தர்பார் சீன் வந்தது. ஒட்டு மீசையும் தகரக் கிரீடமுமாக ஹனீப் சிம்மாசனத்தில் அமர்ந்ததும் ஒரே விசில்.

"வந்துட்டான்யா மிலேச்சன்!" என்று யாரோ கத்த, கூட்டம் கொல்லென்று சிரித்தது.

மெஹர்னிசா தலையைக் குனிந்துகொண்டாள்.

"யாரங்கே!" ஹனீப் கர்ஜித்தான். "என் குடிகளை வெளியே நிறுத்தியவன் எவன்? அவிழ்த்துவிடு அந்தக் கயிற்றை! எல்லாரும் சபைக்குள் வந்து அமரட்டும்!"

சேவகன் வேஷம் கட்டியிருந்த மோசஸ் அதற்கென்றே காத்திருந்தவன் மாதிரி ஓடிப்போய் கயிற்றை அவிழ்த்தான். ஜனம் திபுதிபுவென்று உள்ளே வந்தது. ராஜா கட்டளையை யார் தடுப்பது?

சின்னதுரை மேடைக்கே ஓடி வந்துவிட்டார்.

"யோவ் ஹனீப், இன்னாய்யா இது? நாடகத்துல இல்லாததெல்லாம் பேசறே! யார் யார் எங்க உக்காரணும்னு ஒரு வரமொறை இல்ல?"

ஹனீப் மீசையை முறுக்கினான்.

"அதெல்லாம் நாகரிகம் தெரிஞ்சவங்களுக்கு சார். மிலேச்சனுக்கு இன்னா தெரியும்?"



உள்ளே வந்த பூவம்மாள் எங்கே உட்காருவது என்று தெரியாமல் தயங்கி நின்றாள். மெஹர்னிசா நகர்ந்து இடம் விட்டு, அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். பந்தலுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்:

"இப்டி உக்காரும்மா. மேடை மேல கீறாரே மிலேச்ச ராஜா, அவரு எங்க ஊட்டுக்காரரு!"