சுவர் இல்லாத வீடு

"பத்தொம்பது புள்ளைங்க படிக்குதுங்க. சுவர்ல பதினெட்டு படம் தொங்குது. எம் பேத்தி படம் எங்க?"

சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று கத்தினார் நல்லையா. அந்த ரப்பர் தோட்டத்துக்கே அவர்தான் வாச்சர். இடுப்பில் டோர்ச், கையில் தடி, மூக்கு நுனியில் கோபம்.

உள்ளே சின்னப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைச் சித்திர வகுப்பு. வர்ணம் குழைத்துக்கொண்டிருந்த கிருஷ்ணகுமாரி டீச்சர் நிமிர்ந்தாள்.

"உள்ள வாங்க தாத்தா. கொஞ்சம் மெதுவா பேசுங்க, புள்ளைங்க பயப்படுதுங்க."

"பயப்படட்டும்! பத்து மணிக்குத் தோட்டத்துத் தொரை படம் பாக்க வாறாரு. நல்ல படத்த ஆபீஸ்ல மாட்டப் போறாராம். எல்லார் படமும் சுவர்ல, இவ படம் மட்டும் அலுமாரிக்குள்ளயா? காலையில இருந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கல இவ."

ஐந்து வயது டிலுக்ஷி தாத்தாவின் சாரத்தைப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

"நீ என்னத்த வரைஞ்ச? சொல்லு."

"நம்ம வீடு தாத்தா. அடுப்பு, கட்டில், பூனை, நீங்க... எல்லாம் போட்டேன்."

"கேட்டியாம்மா? லயத்து வீட்ட தொரைக்குக் காட்ட உனக்கு வெக்கமா இருக்கோ? நீயும் அதே லயத்துல பொறந்தவதானே?"

"அப்படி இல்ல தாத்தா. அவ ரொம்ப நல்லா வரைஞ்சிருக்கா. வகுப்பு முடியட்டும், நானே வீட்டுக்குக் கொண்டுவந்து தாறேன்."

"வீட்டுக்கு எதுக்கு? சுவர்ல போடு!"

காரணம் நல்லையாவுக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால், பால்வெட்டு முடித்து மலையிலிருந்து இறங்கி வந்த வெள்ளையம்மாவை மறித்து, அவள் இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்க்கச் சொன்னவர் அவர்தான். உள்ளே ஒரு உருண்டை ஒட்டுப்பால் இருந்தது. சிரட்டையிலும் மரப்பட்டையிலும் உறைந்து கறுத்துக் கிடக்கிற ரப்பர்ப் பால்தான் என்றாலும் தோட்டத்துச் சொத்து, தோட்டத்துச் சொத்துதானே? நேரே தொரையிடம் கொண்டுபோய் வைத்தார். வேலையாட்கள் பதிவான செக்ரோலில் வெள்ளையம்மாவின் பேரை வெட்டினார்கள். மறுநாள் ரோட்டில் அவரைக் கண்டதும் அவள் காறித் துப்பினாள்.

எதை மறந்தாலும் அந்த எச்சிலை நல்லையா மறக்கவில்லை.

அந்த வெள்ளையம்மாவின் மகள்தான் இந்தக் கிருஷ்ணகுமாரி.

"ஆத்தாவப் புடிச்சுக் குடுத்த ஆத்திரத்த பச்சப் புள்ள மேல காட்டுறியா? களவெடுத்தவ மகளுக்கு இங்க டீச்சர் வேல ஒரு கேடா!"

டீச்சர் பிரஷைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மாவ இதுல இழுக்காதீங்க தாத்தா."

"இழுப்பேன்! என்ன பெரிய படம் இங்க தொங்குது? இதப் பாரு!" தடியால் சுவரைக் காட்டினார். "அவிசாவளை பஸ்ஸாம். தகரமே இல்ல, உள்ள இருக்கிற ஆளுங்க காலு கையெல்லாம் வெளிய தெரியுது. இந்த மாட்டுக்கு வயித்துக்குள்ள கன்னுக்குட்டி நிக்குது. இதெல்லாம் சுவர்ல இருக்கலாம், எம் பேத்தி வீடு இருக்கக் கூடாதா? இதயெல்லாம் நீ திருத்தலயே!"

"சின்னப் புள்ளைங்க கண்ணுக்குத் தெரியிறத வரையாதுங்க தாத்தா. உள்ள என்ன இருக்குன்னு அதுங்களுக்குத் தெரியுமோ, அதத்தான் வரையுதுங்க. அத நாங்க திருத்தவே மாட்டோம். பெரியவங்க கை அதுல படக் கூடாது. இங்க சட்டமே அதுதான்."

"ஆமா, பெரிய சட்டம்! நாப்பது வருஷமா இந்தத் தோட்டத்த நாயா காத்தவன் நான். எங்கிட்ட சட்டம் பேசுறா."

கீழே வளைவில் ஜீப் ஏறும் சத்தம் கேட்டது.

நல்லையா இரண்டே எட்டில் அலுமாரியைத் திறந்தார். மடித்து வைத்திருந்த தாளை உருவினார்.

"ஆணி குடு. நானே மாட்டுறேன். தொரைகிட்டயே நியாயம் கேக்குறேன்."

"மாட்டுங்க தாத்தா, மாட்டுங்க!" டிலுக்ஷி குதித்தாள்.

கிருஷ்ணகுமாரி தடுக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாட்டுங்க. ஆனா ஒரு தடவ விரிச்சுப் பாத்துட்டு மாட்டுங்க."

விரித்தார்.

பஸ்ஸைப் போலவே வீட்டுக்கும் சுவர் இல்லை. அடுப்பு எரிந்தது. பூனை படுத்திருந்தது. நடுவில் பெரிய மீசையோடு தாத்தா, கையில் டோர்ச். கட்டிலுக்கு அடியில், கட்டிலை விடப் பெரிதாக, வாய் திறந்த சாக்கு ஒன்று. சாக்கு நிறையக் கறுப்புக் கறுப்பாய் உருண்டைகள்.

நல்லையாவின் தடி கீழே விழுந்தது.

"இது என்னன்னு கேட்டேன்," டீச்சர் அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "'தாத்தாவோட ஒட்டுப்பால். யாருக்கும் சொல்லக் கூடாது'ன்னு சொன்னா. தொரை வந்தா ஒவ்வொரு படமா தொட்டுத் தொட்டு 'இது என்ன, இது என்ன'ன்னு புள்ளைங்ககிட்ட கேப்பாரு. போன வருஷமும் கேட்டாரு."

வாசலில் ஜீப் வந்து நின்றது. கதவு திறக்கிற சத்தம்.

 நல்லையா வாசலைப் பார்த்தார், கையிலிருந்த படத்தைப் பார்த்தார்.

வெள்ளையம்மாவின் மகள் மண்ணிற வர்ணத்தில் பிரஷைத் தோய்த்து அவர் விரல்களுக்குள் திணித்தாள்.

"பேத்தி சுவர் வைக்க மறந்துட்டா. நீங்களே பூசி விடுங்க தாத்தா... சீக்கிரம்."