மிஞ்சிய கதிர்

காட்டெருமை தின்றது போக ஒரு கதிர் மிஞ்சியிருந்தது.

அதுவும் மிதிபட்டு, இலையுறைக்குள்ளேயே பாதி நசுங்கி.

அவள் அதைச் சேற்றிலிருந்து எடுத்துத் துடைத்தாள். உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ஆய்வகத்துக்கு நடந்தாள். ஓடவில்லை. இனி ஓடி என்ன ஆகப்போகிறது?

நீலகிரிச் சரிவில் ஒரு கோதுமை ஆராய்ச்சிப் பண்ணை. மூடுபனியைப் போலவே துருநோயும் அங்கே வருஷம் முழுக்க இருக்கும். ஒரு காட்டுப்புல்லை மட்டும் அந்த நோய் தொடுவதில்லை. அந்தக் குணத்தைக் கோதுமைக்குள் கொண்டுவருவதுதான் அவள் வேலை.

கோதுமை விடுவதில்லை. அதற்குள் இருக்கும் ஒரு மரபணு, குரோமோசோம்களை அதனதன் சொந்த ஜோடியோடு மட்டுமே சேர அனுமதிக்கும். காட்டுப்புல்லின் குரோமோசோம்கள் ஒட்டாமல் ஓரமாய்க் கிடக்கும். ஒட்டினால்தான் குணம் கைமாறும்.

அதனால் அந்த மரபணுவே இல்லாத கோதுமையைத் தேடி வாங்கினாள். அதில் காட்டுப்புல்லின் மகரந்தத்தைத் தூவினாள். கரு உலர்ந்துபோகும் முன் பிரித்தெடுத்துக் குப்பிக்குள் வளர்த்தாள். ஒவ்வொன்றாகக் கருகின. நான்காம் பருவத்தில் ஒரே ஒரு செடி பிழைத்தது.

நேற்று மாலைவரை அது வலைக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தது.

"மேடம்."

போஜன். பண்ணையில் அந்தச் செடிக்குத் தண்ணீர் விட அவள் நம்பிய ஒரே ஆள். ஆய்வகத்துக்குள் வராமல் நிலைப்படியிலேயே நின்றார். கம்பளித் தொப்பி கையில் இருந்தது.

"உறைபனி விழும்னு செடிக்குப் படுதா போட்டுட்டு வந்தேன். கதவுக்குக் கொக்கி போட மறந்துட்டேன். வேற காரணம் ஒண்ணும் இல்ல மேடம். மறந்துட்டேன்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வாயைத் திறந்தால் என்ன சொல்லிவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

உறையைப் பிரித்தாள். நசுங்காத பக்கத்தில் மகரந்தப் பைகள் பச்சையாகவே இருந்தன. ஒன்றை ஊசியால் எடுத்தாள். சிவப்புச் சாயம் ஒரு சொட்டு. மேலே மெல்லிய கண்ணாடி. கட்டைவிரலால் அழுத்தினாள்.

எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. செத்தவரின் நாடியைப் பிடித்துப் பார்ப்பது போல.

முதலில் தெரிந்தவை சிதைந்த செல்கள்.

நகர்த்தினாள். இளம் செல்கள். பயனில்லை.

இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

கை நின்றது.

தனித்தனியாய்ச் சிதறிக் கிடந்த குரோமோசோம்களின் நடுவே ஒரு ஜோடி. ஒன்று நீளம், ஒன்று குட்டை. நுனியோடு நுனி ஒட்டியிருந்தது.

குட்டையானது காட்டுப்புல்லினுடையது. எங்கே பார்த்தாலும் அவளுக்கு அதை அடையாளம் தெரியும்.

அடுத்த செல்லிலும் ஒரு ஜோடி. அதற்கடுத்ததிலும்.

சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்து லென்ஸ் மங்கியது. இந்தச் செடியில் இன்னும் பத்து நாளில் கோதுமை மகரந்தத்தைத் தூவியிருக்கலாம். விதை எடுத்திருக்கலாம்.

போஜன் இன்னும் நிலைப்படியில்தான் நின்றார்.

"இங்க வாங்கண்ணா."

செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். நுண்ணோக்கியில் குனிந்தார். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டார்.

"நெட்டையும் குட்டையுமா ரெண்டு ஒட்டிக்கிட்டு நிக்குதே, அதா?"

"அதுதான்."

மேசையில் போன் அடித்தது. இயக்குநர். செய்தி அதற்குள் அவருக்குப் போய்விட்டிருந்தது. யாருடைய கவனக்குறைவு என்று கேட்டார். அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கதவு சாத்தித்தான் சார் இருந்தது. வலையை முட்டிக் கிழிச்சிட்டு உள்ள வந்திருக்கு."

போனை வைத்தாள்.

போஜன் நுண்ணோக்கியிலிருந்து நிமிரவில்லை. தொப்பியை மட்டும் இரு கையாலும் கசக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு, குனிந்தபடியே சொன்னார்.

"காட்டுப்புல்லு ரெண்டு தொட்டி இன்னும் பூக்கல மேடம். இனிமேத்தான் மகரந்தம் வரும்."